பம்பாய் பார்த்தேன், பேரைச் சொல்லியும் பார்த்தேன்

பயணக் கட்டுரை எழுதுகிற பெரிய மனிதர்களுக்கு ஒரு பழக்கம். பம்பாயில் இறங்கியதும் அவர்களுக்கு மூச்சு முட்டும். எவ்வளவு ஜனம், எவ்வளவு வேகம், எவ்வளவு உயரக் கட்டிடம் என்று நாலு பக்கம். கடைசியில் ஒரு வரி: 'இங்கே யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை.' அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்தான்.

போன டிசம்பர் முதல் வாரம் நாமக்கல் லாரியில், டிரைவர் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். (1995லேயே மும்பை ஆக்கிவிட்டார்கள். எங்கள் சனத்துக்கு இன்னும் பம்பாய்தான்.) லோடு ஜவ்வரிசி. மராட்டியத்தில் விரத நாளுக்கு அரிசி ஆகாது, ஜவ்வரிசிக் கிச்சடி ஆகும். ராசிபுரம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு பிடுங்கி, தோல் உரிக்கிற எங்கள் பொம்பளைகளின் கை ஊருக்குள்ளே தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் தீட்டு. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டால் அதே கை தொட்ட கிழங்கு விரதச் சாப்பாடு. தீட்டு சரக்கில் ஒட்டாது, ஆளில்தான் ஒட்டும் போலிருக்கிறது!

உண்மையை மறைக்கக் கூடாது. மெரைன் டிரைவ் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்திநேரம். ஆணும் பெண்ணுமாகக் கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 'யாரு ஊட்டுப் பையன்டா நீ?' என்று ஒருத்தன் வந்து கேட்கவில்லை. எனக்குத் திருச்செங்கோடு ஞாபகம் வந்தது. 2015 ஜூன் 23. ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் படித்த தலித் இளைஞன். கூடப் படித்த பெண்ணோடு அர்த்தநாரீசுவரர் கோவிலில் பேசிக்கொண்டிருந்தான். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கிற சாமியின் கோவில் அது. அங்கிருந்து கொண்டுபோனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் ரயில் பாதையில் தலை வேறு, உடல் வேறாகக் கிடந்தான். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது இப்படி ஒரு சுவர். அவ்வளவுதான்.

கிராமத்தைப் பொற்காலமாகப் பாடியவர்களுக்கு முன்னால், 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், அது அறியாமையின் குகை, குறுகிய புத்தியின் கிடங்கு என்ற பொருளில் அம்பேத்கர் பேசினார். ஆகவே ஊரை விட்டு ஓடுவதே விடுதலை என்று அன்று ராத்திரி முழுக்க எனக்கும் தோன்றியது.

விடிந்ததும் தெளிந்தது. நான் தங்கியது தாராவியில், அத்தை மகன் அறையில். மச்சானுக்குக் குப்பை லாரியில் ஒப்பந்தக் கூலி. 'இங்க சாதி கேக்க மாட்டாங்க மாப்ளே. என்ன வேலைன்னு கேப்பாங்க. சொன்னா அவங்களுக்கே தெரிஞ்சிடும்' என்றார். பயணக் கட்டுரைக்காரர்கள் இந்த இரண்டாவது கேள்வி வரைக்கும் வருவதே இல்லை.

அவரோடு பரேல் பக்கம் போனேன். பஞ்சாலைகள் நின்ற இடத்தில் இப்போது கண்ணாடி மால்கள். ஒரு காலத்தில் அந்த ஆலைகளில் எங்கள் சனத்துக்கு வேலை கிடைத்தது. ஆனால் கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதிக்குள் விடவில்லை. ஏன்? தார் தீர்ந்தால் நாடாவின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். எங்கள் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொட மாட்டான்! 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கேள்வியாக்கினார். எங்க அப்பன் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். நாடாவில் வாய் வைத்தே பல் தேய்ந்தவர். தறி ஓட்ட விட்ட முதலாளி, டீ மட்டும் தனி டம்ளரில்தான் கொடுத்தார். எச்சிலுக்கு ஊரில் ஒரு நியாயம், நகரத்தில் ஒரு நியாயம். இரண்டும் அவர்கள் எழுதியது.

இன்னும் ஒன்று. 1997 ஜூன் 30, மேலவளவு. தலித்துக்கு ஒதுக்கிய நாற்காலியில் தலைவராக உட்கார்ந்த குற்றத்துக்காக முருகேசனையும் கூட வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அது கிராமம். பதினோரு நாள் கழித்து, ஜூலை 11, பம்பாய் காட்கோபர், ரமாபாய் நகர். அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்துத் தெருவுக்கு வந்த சனத்தின்மேல் ரிசர்வ் போலீஸ் சுட்டது. 10 பேர் செத்தார்கள். அது மாநகரம். பேர் சொல்லாமல் கூட்டத்தில் கரைந்து நடந்தால் நகரம் நம்மை விட்டுவிடும். பேரைச் சொல்லிச் சிலை வைத்து நின்றால் துப்பாக்கி வரும். மறைந்து வாழ்வதற்குப் பேர் விடுதலையா, தோழர்களே?

டிசம்பர் 6 அன்று தாதரில் இறங்கினேன். 1956இல் அவரை எரித்த கடற்கரை அது. லட்சக்கணக்கான சனம். கைக்குழந்தையோடு, சோற்று மூட்டையோடு, நீலக் கொடியோடு விடிய விடிய வரிசை. சிவாஜி பார்க் முழுக்கப் புத்தகக் கடை. பட்டினி கிடந்தவள் முந்தானையை அவிழ்த்துப் புத்தகம் வாங்குகிறாள். பக்கத்து மாடிவீட்டுக்காரர் ஒருத்தர் ஊரே அசிங்கமாகிவிட்டது என்று மூக்கைப் பொத்தினார். அவருக்கு அது குப்பை. எனக்கோ, அந்த நகரத்தில் முதன்முதலாக, 'எந்த ஊரு, என்ன ஆளு?' என்று ஒருத்தர் கேட்க, நிமிர்ந்து பதில் சொன்ன இடம். 'நாமக்கல். அருந்ததியர்.' கேட்ட கிழவர் என்னைக் கட்டிப்பிடித்து 'ஜெய்பீம்' என்றார்.

ஆகவே பயணக் கட்டுரைக்காரர்களே, சாதி கேட்காத ஊர் என்று பம்பாய்க்குச் சான்றிதழ் தராதீர்கள். கேட்டாலும் பயமில்லாமல் சொல்லக்கூடிய இடம்தான் நகரம். அது பம்பாயில் எப்போதும் இல்லை. எங்கள் சனம் திரண்டுவந்து உண்டாக்கும்போது இருக்கிறது.

மாணவத் தோழர்களே, நம்மூரில் அவரைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறோம். ஓடிப்போக ஒரு பம்பாயைத் தேட வேண்டாம். அந்தக் கடற்கரைச் சுவரைத் திருச்செங்கோட்டு மலைப்படிக்குக் கொண்டுவருவது எப்படி என்று பேசுவோம். ஒரு பையனும் பெண்ணும் பயமில்லாமல் அங்கே உட்கார்ந்து பேசுகிற நாளில்தான் எங்களுக்கு ஊர் என்று ஒன்று இருக்கும்.