குழந்தைக்குப் பேதி: உயிரைக் குடிப்பது எது?

உலகில் ஆண்டுதோறும் 5 வயது நிரம்பாத குழந்தைகள் 4 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு என்று பார்த்தால், சுமார் 1,200 குழந்தைகள்!

இத்தனைக்கும் இதற்கு மருந்து இருக்கிறது. விலை சில ரூபாய்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கும். பிறகு ஏன் இத்தனை சாவு?

வற்றும் குளம்

பேதியை உண்டாக்குவது கிருமி. ஆனால் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது கிருமி அல்ல. உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான்.

பிறந்த குழந்தையின் எடையில் நூற்றுக்குச் சுமார் 75 பங்கு தண்ணீர். அது குறைந்தால் பெரியவர்கள் ஓரளவு தாங்குவார்கள். கைக்குழந்தை தாங்காது. சில மணி நேரத்தில் துவண்டுவிடும்.

"குழந்தைக்கு உச்சி விழுந்துவிட்டது" என்று சொல்வார்கள். உச்சிக்குழி பள்ளமாவது தனி நோய் அல்ல. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதற்கு அது அடையாளம். இது தெரியாமல் சிலர் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று தண்ணீரையும் பாலையும் நிறுத்துகிறார்கள். குளம் வற்றும்போது வரத்து வாய்க்காலையும் அடைப்பது போன்றது இது.

அகதி முகாம் தந்த பாடம்

1971-ல் வங்காளதேசப் போர் நடந்தது. லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் உள்ள பன்காவ் ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை.

அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலானாபிஸ் ஒரு முடிவு செய்தார். குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து, குடிக்கக் கொடுத்தார். உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

அந்தக் கரைசல்தான் சில மாற்றங்களுடன் இன்று "ஓ.ஆர்.எஸ்." எனப்படுகிறது. குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால், குடலில் இருந்து தண்ணீரை உடம்புக்குள் இழுத்துச் செல்லும். சர்க்கரை மிகுந்துவிட்டால் நடப்பது தலைகீழ். தண்ணீர் குடலுக்குள் வந்து, பேதி கூடும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இனிப்புப் பானங்கள் சில, "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கிக் கடைகளில் விற்கப்பட்டன. மருந்து என்று நம்பித் தாய்மார்கள் வாங்கினார்கள். ஐதராபாத் குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில், இத்தகைய பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 61 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டது. மீதிப் பேருக்கு அது போய்ச் சேரவில்லை.

எங்கிருந்து வருகிறது?

அசுத்தமான தண்ணீர், ஈ மொய்த்த உணவு, கழுவாத கை, சரியாகச் சுத்தம் செய்யாத பால் புட்டி. கிருமி நுழையும் வாசல்கள் இவை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால், இவற்றில் பல அடைபடும்.

"ரோட்டா வைரஸ்" என்ற கிருமி மட்டும் சுத்தமான வீட்டையும் விடாது. இதற்குச் சொட்டு மருந்து உண்டு. நம் நாட்டின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் 2016-லும், தமிழ்நாட்டில் 2017-லும் இது சேர்க்கப்பட்டது. குழந்தைக்கு 6, 10, 14-வது வாரங்களில் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை.

வீட்டில் என்ன செய்வது?

பொட்டலத்தின் மீது உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரானது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்கிற அளவில் ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். பேதி நின்றுவிட்டது என்று இடையில் விடக்கூடாது.

கண் குழி விழுதல், அழுதாலும் கண்ணீர் வராமை, சிறுநீர் குறைதல், மயக்கம், மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும் வழியிலும் கரைசலைப் புகட்டுங்கள்.

வீட்டில் உப்பும் புளியும் தீராமல் பார்த்துக்கொள்கிறோம். குழந்தை உள்ள வீட்டில் 2 ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் தீராமல் இருக்கட்டும். நள்ளிரவில் ஓர் உயிரைக் காக்க அது போதும்.