ஒரே சீட்டில் பயணம் செய்யுங்கள்



இவ்வாரம் விமானப் பயணச்சீட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் உங்களில் சிலர் புன்னகைக்கலாம். ஆனால் நமது ஜெபக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். "பயணம்" என்ற சொல் இல்லாத வாரமே இல்லை. 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் நம் நெல்லித்தோப்பிலும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கு, பேரனின் ஞானஸ்நானத்துக்கு, சில வேளைகளில் அடக்க ஆராதனைக்கு என்று இங்கிருந்து முதியவர்கள் புறப்படுகிறார்கள். அவர்களுடைய சீட்டை எடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் கணினி தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஒருவர் நானாக இருந்தேன்.

எழுபதைக் கடந்த ஒரு தாயார். கணவரை இழந்தவர். பாரிஸில் மகனுடைய குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். "ஐயா, நீங்களே பார்த்து எடுத்துவிடுங்கள்" என்றார். நான் ஓர் இரவு முழுவதும் தேடினேன். சென்னையிலிருந்து தில்லிக்கு ஒரு நிறுவனத்தில் ஒரு சீட்டு, தில்லியிலிருந்து பாரிஸுக்கு வேறொரு நிறுவனத்தில் போக வர இன்னொரு சீட்டு; இப்படிப் பிரித்து எடுத்தால் 11,000 ரூபாய் மிச்சமாகும் என்று கண்டேன். இடையில் நான்கு மணி நேரம் இருந்தது. போதும் என்று தீர்மானித்தேன். மிச்சப்படுத்திக் கொடுத்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

அது ஜனவரி மாதம். தில்லியில் பனிமூட்டம். சென்னை விமானம் புறப்படவே ஐந்து மணி நேரம் தாமதமாயிற்று. அம்மா தில்லியில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுப் புறப்பாட்டுப் பகுதிக்குச் சென்று சேர்ந்தபோது பாரிஸ் விமானம் பறந்துவிட்டது. கொண்டுவந்து சேர்த்தவர்கள், "தில்லி வரைதான் எங்கள் பொறுப்பு, வானிலைக்கு நாங்கள் என்ன செய்வது" என்றார்கள். ஏற்றிச் செல்லவேண்டியவர்கள், "பயணி நேரத்துக்கு வரவில்லை, சீட்டு காலாவதியாயிற்று" என்றார்கள். இரு தரப்பாரும் சொன்னது விதிப்படி சரியே. முதல் பகுதியைப் பயன்படுத்தாததால் அவர் திரும்பி வருவதற்கான சீட்டும் அதனோடு இரத்தாகிவிட்டது. கன்னியர் பள்ளியில் கற்ற பிரெஞ்சும் தமிழும் அறிந்த அந்த அம்மா, இந்தி மட்டுமே ஒலித்த ஒரு கூடத்தில் இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதிய சீட்டு ஞாயிறு இரவுக்குத்தான் கிடைத்தது. அவர் பாரிஸில் இறங்கியது திங்கட்கிழமை.

இது என் தவறு. ஆகவே இதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். இரண்டு விமானங்கள் ஒரே முன்பதிவில், ஒரே பதிவு எண்ணின் கீழ் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது அடுத்த விமானத்தில் இடம் தேடிக் கொடுப்பது விற்றவருடைய கடமை. பெரும்பாலும் பெட்டியும் நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும். இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக எடுத்தால், நடுவிலுள்ள அந்த இணைப்புக்கு யாருமே பொறுப்பில்லை. அந்தச் சில ஆயிரம் ரூபாய் மலிவு எங்கிருந்து வருகிறது? இணைப்பின் ஆபத்தைப் பயணியின் தலையில் ஏற்றிவைப்பதிலிருந்துதான். திடமுள்ள ஓர் இளைஞன் அதைச் சுமக்கலாம். ஓர் அம்மாவின் தலையில் ஏற்றிவைக்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

பெருநகரவாசிகளுக்கு இது சிறிய சங்கதி. நமக்கோ எந்தப் பயணமும் ஒரு கூடுதல் இணைப்போடுதான் தொடங்குகிறது. இலாசுப்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; ஆனால் அதன் கதை விட்டு விட்டு எரியும் விளக்கின் கதை. 2013-இல் பெங்களூருக்குத் தொடங்கிய சேவை மறு ஆண்டே நின்றது. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தின் கீழ் ஹைதராபாத்துக்கு விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 மார்ச்சில் தொடர்ந்து, 2024 மார்ச் இறுதியில் மறுபடியும் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் சிறு விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கின. ஏறக்குறைய 1,500 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையில் பெரிய விமானம் இறங்காது. அதை நீட்டத் தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள நிலமும் வேண்டும். அந்தப் பேச்சு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

ஆனால் குறை ஓடுபாதையில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. நார்வேயின் வடகோடியில், சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர்களில், 800 மீட்டர் அளவே உள்ள ஓடுபாதைகளில் வீடெரோ என்னும் நிறுவனத்தின் விமானங்கள் பனிக்காலத்திலும் இறங்குகின்றன. பயணச்சீட்டு வருமானத்தைக் கொண்டு மட்டும் அவை பறக்கவில்லை. அரசு ஒப்பந்தப்புள்ளி கோரி, நட்டத்தை ஈடுசெய்து, ஒப்பந்தக் காலம் முடிந்தால் மறுபடியும் கோருகிறது; அங்கே விமானம் ஒரு பேருந்தைப் போல. நம் உடானில் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அது நல்ல எண்ணமே. ஆனால் அரசின் ஆதரவு ஒரு தடத்துக்கு மூன்று ஆண்டுகள்தான். அதற்குள் தடம் தன் காலில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் ஊர் மறுபடியும் சாலையை நம்ப வேண்டும். சிறு நகரத்து மக்களின் போக்குவரத்தை இப்படித் தவணை முறையில் வழங்குவது முறையா என்று நம் பிரதிநிதிகளிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அதுவரை சாலைதான். சென்னை விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்று கணக்குச் சொல்வோம். பொங்கலுக்கு மறுநாளோ தொடர் விடுமுறையின் கடைசி மாலையிலோ பெருங்களத்தூரில் சிக்கியவர்கள் அந்தக் கணக்கை நம்பமாட்டார்கள். திண்டிவனம் வழிப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல். பெட்டிகளோடு வேறு வண்டி பிடிக்கவேண்டும்.

ஆகவே முந்தின மாலையே புறப்பட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஐயா" என்று பதில் வருகிறது. பிரியமானவர்களே, இந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிரேத்தா தீவின் நல்ல துறைமுகத்தில் பவுல் என்ன செய்தார்? கடலுக்குரிய காலம் கடந்துவிட்டது, இப்போது புறப்படவேண்டாம் என்று எச்சரித்தார். கர்த்தர் காப்பார், பாயை விரியுங்கள் என்று சொல்லவில்லை. அவசரப்பட்டவர்கள் மற்றவர்கள்தான். உயிர் தப்பியது உண்மை, கப்பல் போயிற்றே!

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஒரே குடும்பத்தில் கணவர் கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், மனைவி கையில் இந்தியப் பாஸ்போர்ட். பிரெஞ்சு முறையில் எழுதிய பெயரின் கடைசியில் ஒலிக்காத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில் அது இராது. நாம் அழைக்கும் பெயரைச் சீட்டில் எழுதாமல், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்பதிவின்போதே கேளுங்கள். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவத்துக்கானது. அது தவறிய விமானத்துக்கும் பணம் தரும் என்று எண்ணிக்கொள்ளாதிருங்கள். இலாசுப்பேட்டையிலிருந்து பெங்களூரு வழியாகப் போக விரும்பினால், பாரிஸ் வரை ஒரே முன்பதிவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் பெங்களூரில் ஓர் இரவு தங்கும் செலவையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, அப்புறம் எது மலிவு என்று சொல்லுங்கள்.

பாரிஸிலிருந்து சீட்டு எடுத்து அனுப்பும் பிள்ளைகளே, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று அறிவேன். விலையின் வரிசையில் முதலில் நிற்பதைத் தேர்ந்துகொள்ளும் முன், அந்த இணைப்பு விமான நிலையத்தில் உங்கள் அம்மா தனியாக நிற்பதை ஒரு நிமிடம் மனக்கண்ணில் பாருங்கள்.

அந்தத் தாயார் வரும் மே மாதம் மறுபடியும் போகிறார். அதே பேரனுக்கு இப்போது பள்ளி வயது. இம்முறை மகனே சென்னையிலிருந்து பாரிஸ் வரை ஒரே சீட்டாக எடுத்திருக்கிறார். முந்தின மாலை அவரைத் தாம்பரத்தில் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவது என் வேலை. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சீட்டின் அச்சுப் பிரதியை என்னிடம் நீட்டி, "ஐயா, இது ஒன்றுதானே? இன்னொன்று இல்லையே?" என்று கேட்டார்.