எலுமிச்சம்பழமா? இரும்பா?

ஏலகிரி மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்குகிற வண்டி ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்தின் மேல் சாய்கின்றது. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது, வண்டி எடுத்த அன்று சக்கரத்தடியில் வைத்து நசுக்கிய எலுமிச்சம்பழமா அல்லது சக்கரத்தைத் தாங்கும் இரும்பா என்று கேட்கின்றோம்.

இன்று ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல், செருப்புத் தொழிலாளர்களுங்கூட பெட்ரோல் விலைக்குப் பயந்து தவணைக் கடனில் மின்சார ஸ்கூட்டர் வாங்குகின்றார்கள். வசதியுள்ளவர்கள் மின்சாரக் கார் வாங்குகின்றார்கள். நாம் இதை வரவேற்கின்றோம். ஆனால் விஞ்ஞானத்தால் ஆன வண்டியை வாங்கிவிட்டு, அதன் பழுதுக்கு மாத்திரம் அஞ்ஞானத்தில் காரணம் தேடுவது என்ன புத்தி? சட்டத்தில் வெடிப்பு விட்டால் "ராகுகாலத்தில் எடுத்த வண்டி" என்கின்றார்கள். முன்பாகம் ஒடிந்தால் "கண் திருஷ்டி" என்கின்றார்கள். பழுதான சரக்கு விற்றவனுக்கு இதைவிட நல்ல வக்கீல் வேறு யார் கிடைப்பான்?

உண்மையில் நடந்ததைப் பாருங்கள். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் செய்யப்படும் ஓலா ஸ்கூட்டர்களில் முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் ஒடிந்துவிட்டதாக 2022-ல் பலர் படத்தோடு முறையிட்டார்கள். கம்பெனியார் 2023 மார்ச்சில், பயத்துக்கு ஆதாரமில்லை என்று சொல்லிக்கொண்டே, வலுவான புதிய பாகத்தை இலவசமாக மாற்றித் தர முன்வந்தார்கள். பயம் ஆதாரமற்றதானால் பாகத்தை மாற்றுவானேன்? அதே மாவட்டத்து ஓசூரின் டி.வி.எஸ். கம்பெனியார், 2023 ஜூலை 10 முதல் செப்டம்பர் 9 வரை செய்த ஐகியூப் ஸ்கூட்டர்களின் சட்டத்திலுள்ள ஒரு குழாயைப் பரிசோதிக்க 2024-ல் தாங்களே அழைத்தார்கள். இது யோக்கியமான காரியம். இதனால் யாருக்கும் மானம் போய்விடவில்லை.

அமெரிக்காவிலோ, டெஸ்லாவின் சைபர்டிரக் கார்களில் பசை போட்டு ஒட்டிய எஃகுப் பட்டை ஓட்டத்திலேயே கழன்று விழக்கூடும் என்று 2025 மார்ச்சில் 46,096 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பசை சரியில்லாவிட்டால் அடித்தோல் வாய் பிளக்கும் என்பது ஆம்பூர்த் தொழிலாளிக்குத் தெரியாததா? அப்படிப் பிளந்தால் வெளிநாட்டு வியாபாரி ஜாதகமா பார்க்கின்றான்? சரக்கையே திருப்பியல்லவா அனுப்புகின்றான்!

அந்த உரிமை நமக்கும் உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு 2021 ஏப்ரல் முதல் அமுலில் இருக்கின்றது. ஓட்டுகிறவருக்கோ தெருவில் போகிறவருக்கோ தீங்கு செய்யக்கூடிய பழுதென்று, குறிப்பிட்ட விகிதத்தினர் முறையிட்டால், மத்திய சர்க்கார் அவ்வகை வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். பணத்தைத் திருப்புவதோ, வேறு வண்டி கொடுப்பதோ, பழுது நீக்குவதோ கம்பெனியின் கடமை.

ஆனால் அது நம்முடைய தலைகளை எண்ணித்தான் நடக்கும். நேர்த்திக்கடன் செய்தவர்களை எந்தச் சர்க்காரும் எண்ணுவதில்லை. எழுதிக் கொடுத்தவர்களைத்தான் எண்ணும். 2023 செப்டம்பர் முதல் ஓராண்டில் நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓலாவைப் பற்றிப் பலவிதமாக 10,644 புகார்கள் போனதால்தான், 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் விட்டது. 99.1 சதவிகிதம் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி பதில் சொல்லிற்று. சரியோ தப்போ, பதில் சொல்லவாவது வைத்தது அந்தப் புகார்களேயாகும்.

எனவே தோழர்களே! வெடிப்பைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள், படம் எடுங்கள், கிலோமீட்டரையும் தேதியையும் குறியுங்கள், எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1915-க்குப் பேசுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள சரக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றுகிற நேரத்தில் ஒரு புகார் எழுதிவிடலாம். பின்னே வருகிற ஒருவனுடைய உயிராவது அதனால் பிழைக்கும்.