பத்தில் ஒரு பங்கு அற்பமா?

மடக்கை அட்டவணையைத் தேர்வுக்காக மட்டுமே புரட்டுகிறோம். அதே கணக்கு சிலருடைய பிழைப்பையே ஆட்டிவைத்த கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்தின் நெடார்ட்ஸ் விரிகுடாவில் 'விஸ்கி கிரீக்' என்ற சிப்பிக் குஞ்சு பொரிப்பகம் உள்ளது. உணவுச் சிப்பிகளை வளர்த்து விற்கும் பண்ணையாளர் பலர் அங்கேதான் குஞ்சுகளை வாங்குகிறார்கள். 2007-ஆம் ஆண்டு, தொட்டிகளில் குஞ்சுகள் பெருமளவில் மடியத் தொடங்கின. குஞ்சு இல்லாவிட்டால் பண்ணை ஏது? முதலில் பாக்டீரியாக்கள் மீது பழி விழுந்தது. நீரைச் சுத்திகரித்தும் சாவு நிற்கவில்லை.

காரணம் நீரின் வேதியியலில் இருந்தது. அங்கே கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது கரையோர மேல்நீர் விலக, ஆழத்து நீர் மேலெழுகிறது. அதில் இயல்பாகவே கரியமில வாயு மிகுதி. மனிதன் எரித்த நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் வாயுவும் அதில் கலந்திருந்தது. வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அதன் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. கார்பனேட் குறைந்தால், பிறந்த ஓரிரு நாட்களிலேயே ஓடு கட்ட வேண்டிய குஞ்சு எதைக் கொண்டு கட்டும்?

தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பி.எச். மதிப்பு சராசரியாக 8.2-லிருந்து 8.1 ஆகியிருக்கிறது. "இவ்வளவுதானா?" என்பீர்கள். 0.1-க்கு எதிர்மடக்கை பாருங்கள்: 1.26. அதாவது, ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது!

பொரிப்பகத்தார் பல்கலைக்கழக விஞ்ஞானிகளுடன் சேர்ந்து நீரை ஓயாமல் அளந்தார்கள். வெயிலில் கடற்புற்கள் ஒளிச்சேர்க்கையால் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால், பிற்பகல் நீர் குஞ்சுகளுக்கு ஏற்றது என்று கண்டார்கள். போதாதபோது சலவைச் சோடாவான சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தார்கள். தொழில் பிழைத்தது. ஆனால் சோடா தொட்டியைத்தான் காக்கும், கடலைக் காக்காது. அதற்குப் புகையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அளப்பது படித்தவர்களின் தனிச்சொத்து அன்று என்பதே என் கருத்து. நீரை நம்பி வாழ்பவன் கையிலும் அளவி இருக்க வேண்டும். செய்முறைத் தேர்வு முடிந்ததும் பி.எச். அளவியை அலமாரியில் வைத்துப் பூட்டியவர்களில் நானும் ஒருவன். இனி அதை வெளியே எடுப்போம். உங்கள் ஊர் ஏரி நீரையோ கழிமுக நீரையோ மாதந்தோறும் அளந்து எழுதி வையுங்கள். அந்தக் கணக்கை உழவரிடமும் மீனவரிடமும் காட்டுங்கள். பத்தில் ஒரு பங்கு மாறினாலும் அலட்சியம் வேண்டாம்!