நிழல் சொல்லும் விலாசம்

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுவனிடம் இந்தியப் படத்தைக் காட்டி, "உன் தாத்தா இருக்கும் சென்னை எங்கே, நீ இருக்கும் டில்லி எங்கே?" என்று கேட்டேன். "டில்லி மேலே இருக்கிறது, சென்னை கீழே இருக்கிறது, மாமா" என்றான். எவ்வளவு மேலே என்றதற்கு விழித்தான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. அவன் தகப்பனாரைக் கேட்டிருந்தால், "ரயிலில் இரண்டு இரவுப் பிரயாணம்" என்றிருப்பார். நாம் அனைவருமே தூரத்தை இரவுகளால் அளந்து பழகியவர்கள்.

பாகைக் கணக்கில் சொன்னால் ஓர் ஊரின் விலாசம் இரண்டே எண்களில் அடங்கிவிடும். சென்னை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகை. கிரீன்விச்சுக்குக் கிழக்கே 80 பாகைக்குச் சற்று அதிகம். டில்லி, வடக்கே 28½ பாகைக்குச் சற்று அதிகம். கிழக்கே 77 பாகைக்குச் சற்று அதிகம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்த எண்கள் இவை. ஆயினும் இத்தகைய எண்களைத் துல்லியமாகக் கண்டறிய மனிதர் பட்ட பாடு சிறிதன்று. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்னும் ராணுவ அதிகாரி, பரங்கிமலையை அடுத்த சமவெளியில் 100 அடி எஃகுச் சங்கிலியைக் கிடத்தி அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அந்த ஒரு கோட்டை அடிப்படையாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது. 1808இல் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றுகையில், கயிற்றில் நேர்ந்த பழுதால் அது சுவரில் மோதிச் சிதைந்தது. அதைத் தம் கையாலேயே சீர்செய்த பிறகுதான் லாம்டன் மேற்கொண்டு நகர்ந்தார். குமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்ட அந்த அளவுக்கோடு, ஜார்ஜ் எவரெஸ்டு காலத்தில், 1841இல் நிறைவுற்றது. லாம்டன் அதனைக் காணவில்லை, 1823லேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற எண்ணை நாம் அட்லஸுக்குள் பூட்டி வைத்திருக்கிறோமே என்பதுதான் என் வருத்தம். வடக்கே எத்தனை பாகை என்பது நம் தலைக்கு மேல் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதையும் சொல்கிறது. சென்னையில் ஏப்ரல் இறுதி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட கோலுக்கு நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். டில்லியோ கடகரேகையாகிய 23½ பாகைக்கும் வடக்கே உள்ளது. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் வடக்கேதான். ஜூன் மாதத்தில் சூரியன் ஏறக்குறைய 85 பாகை உயரம் ஏறுகிறது. டிசம்பர் இறுதியிலோ 38 பாகையோடு நின்றுவிடுகிறது.

இதனை நான் புத்தகத்தில் கற்கவில்லை. வாடகை வீட்டில் கற்றேன். டில்லிக்கு வந்த புதிதில் வாசல் வடக்கு நோக்கி இருக்கிறதே என்று மகிழ்ந்து ஒரு வீட்டை அமர்த்தினோம். வாசலைப் போலவே ஜன்னல்கள் அனைத்தும் வடக்கு. தெற்கே அடுத்த வீட்டுச் சுவர். செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை வடக்குச் சுவரில் ஒரு கீற்று வெயிலும் படாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஊரிலிருந்து அழைத்து வந்திருந்த என் தாயார், டிசம்பர் குளிரில் ஈரம் உலராத அந்த அறைகளில் இருமிக்கொண்டே இருந்தார். "வெயில் எங்கேடா போயிற்று?" என்று கேட்பார். காலை பத்து மணிக்கு அவரைக் கைத்தாங்கலாக மூன்று மாடி ஏற்றி மொட்டைமாடியில் அமர்த்துவதும், மூன்று மணிக்கு இறக்குவதுமாக அந்தக் குளிர்காலம் கழிந்தது. மற்ற நேரமெல்லாம் மின்சாரக் கணப்பு. அடுத்த ஆண்டு அவர் ஊரை விட்டு வர மறுத்துவிட்டார்.

அந்தக் கணப்பின் கணக்கையும் பாருங்கள். இரண்டு கம்பியும் எரிந்தால் 2,000 வாட்டு. ஆறு மணி நேரத்துக்கு 12 யூனிட். அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரி எரிகிறது. எனவே ஒரே அறையைச் சூடாக்க நாளொன்றுக்கு 8 கிலோ அளவிலான கரி புகையாகிறது. அதே நேரத்தில் தெற்கு ஜன்னல் உள்ள வீட்டில் வெயில் காசின்றித் தரையில் விழுந்து கிடக்கும்.

டில்லியில் தெற்கு ஜன்னலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன்மேல் இரண்டடி அகலச் சன்ஷேடு ஒன்று, இங்குள்ள கொத்தனார் மொழியில் 'சஜ்ஜா', இருந்தால் போதும். கோடையில் உயர்ந்து நிற்கும் நண்பகல் சூரியனை அது முழுவதும் மறைக்கும். குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயிலை உள்ளே விடும். மேற்கு ஜன்னலுக்கு இந்த உபாயம் செல்லாது. மாலைச் சூரியன் தாழ்வாகவும் நேராகவும் வருவதால் வெளிப்புறத்தில் தட்டி கட்டுவதே வழி. நம் வெட்டிவேர் இங்கே 'கஸ்' என்ற பெயரில் தட்டியாகக் கிடைக்கிறது. நீர் தெளித்தால் மணமும் குளிர்ச்சியும் வரும். சொந்த வீட்டுக்காரர் சூரிய மின்தகடு பொருத்துவதாயின், அதனைத் தெற்கு நோக்கி, ஊரின் பாகையளவுக்கு, அதாவது 28 பாகை அளவில் சாய்ப்பது பொது வழக்கம். சென்னையில் அதே தகடு 13 பாகையளவே சாயும். நம்மில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள்; தகடு நமக்கு எட்டாதுதான். ஆனால் வீடு பார்க்கப் போகையில் தண்ணீர் வருமா என்று கேட்பதுபோல, தெற்கே திறந்திருக்கிறதா என்று பார்க்க யாரும் தடை சொல்லப் போவதில்லை. வாசல் எத்திசை நோக்கினும் ஆகுக, ஒரு ஜன்னலாவது தெற்கே வேண்டும்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். செப்டம்பர் 23 அன்று, சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக இருக்கும். அன்று மாடியில் சரியாக 100 சென்டிமீட்டர் உயரமுள்ள கோலை நேராக நிறுத்தி, டில்லியில் 12 மணி 14 நிமிட அளவில் நிழலை அளவுங்கள். ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் இருக்கும். அது காட்டும் திசையே மெய்யான வடக்கு. சென்னையில் இருக்கும் தாத்தாவையும் 12 மணி 1 நிமிடத்தில் அளக்கச் சொல்லுங்கள். அவருக்கு 23 சென்டிமீட்டர் கிடைக்கும். ஓரிரு சென்டிமீட்டர் கூடக்குறைய வந்தால் கோல் சாய்ந்திருக்கிறது என்று பொருள். தாத்தாவைக் கோபிக்க வேண்டாம். இரண்டு அளவுகளையும் எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். டில்லி எவ்வளவு "மேலே" என்பதை அன்று கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம்.