காணாத் தீயும் மாநகரக் காவலும்

மன்னார்க் குடாவுக்கு அப்பால், கூடங்குளத்திலே 2013ஆம் ஆண்டில் அணுமின் உற்பத்தி தொடங்கிய நாள்முதல், கதிர்வீச்சு என்றவுடன் நம்மவர் கண்கள் கடலையே நோக்குகின்றன. அந்நோக்குப் பிழையன்று. ஆயினும் அவ்வாபத்து கடைத்தெரு வழியாகவும் வருவதுண்டு.

1987இல், பிரேசில் நாட்டுக் கோயானியா நகரிலே, கைவிடப்பட்ட மருத்துவ நிலையமொன்றிற் கிடந்த புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் பாகத்தைச் சிலர் பெயர்த்துப் பழைய இரும்பு வணிகர்க்கு விற்றனர். உள்ளிருந்த சீசியம் இருளில் நீலமாய் ஒளிர்ந்தது. அழகென்று கருதிச் சுற்றத்தார்க்கும் பகிர்ந்தளித்தனர். நால்வர் மாண்டனர். 2010இல் தில்லி மாயாபுரியிலும், பல்கலைக்கழகமொன்று ஏலத்தில் விற்ற பழைய கருவியினுள் இருந்த கோபால்ட் ஓருயிரைக் கொண்டது. வாங்கினோர் அதன் இயல்பை அறிந்திலர்.

யாழ்ப்பாணத்திலும் பழைய இரும்பு வணிகம் உண்டு. கதிரியக்கப் பொருள்களை மேற்பார்ப்பது, 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி, மத்திய அரசின் பொறுப்பு. எனினும் வியாபார உரிமம் வழங்குவது உள்ளூராட்சி மன்றமன்றோ! உரிமத்தோடு, மஞ்சள் நிலத்தில் மூவிதழ் வரைந்த எச்சரிக்கைக் குறியையும் அதன் பொருளையும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தல் அரிதன்று. தீயணைப்புப் படைக்கு அளவுகருவியும் பயிற்சியும் வேண்டும். கோயானியாவில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரை விளையாட்டரங்கில் வைத்துச் சோதித்தனர். நமக்கும் துரையப்பா அரங்கு உண்டு. அங்கே யார் அளப்பது, யார் வழிகாட்டுவது என்பன முன்னரே முடிவாதல் வேண்டும். கழுவிய நீரை நிலத்தில் விடலாகாது. சுண்ணக்கற் பாறையூடே அது நம் கிணறுகளைச் சேரும்.

இவை யாவற்றினும் முந்த வேண்டியது சொல். கோயானியாவில் மாண்ட ஆறு வயதுச் சிறுமியின் நல்லடக்கத்தை ஒரு கூட்டம் எதிர்த்துக் கல்லெறிந்தது. அச்சம் அறிவை விழுங்கினால் மனிதர் மனிதரைத் தீண்டார். தீண்டாமையின் கொடுமையை நேரிற் கண்ட மண் இது. ஆதலால் தமிழ் கற்பிப்போன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: உடலிற் படிந்த கதிரியக்கத் தூசு தீட்டன்று, அழுக்கு. மேலாடையைக் களைந்து நீராடின் அதன் பெரும்பகுதி நீங்கும். கதிர் பட்டமையால் மாத்திரம் ஒருவர் பிறர்க்குத் தீங்காகார்.

இச்சில வாக்கியங்களை மாநகர சபை இன்றே தெளிந்த தமிழில் எழுதிவைக்கட்டும். ஆசிரியர்களாகிய நாம் மாணவர்க்கு உணர்த்துவோம். ஆபத்து வந்தபின் சொல் தேடுவோர்க்கு வதந்தியே முதலில் அகப்படும்.