பிரிந்த பின் பேட்ச் எந்தப் பக்கம் போகிறது?

ரெடிஸ் நிறுவனம் 2024 மார்ச் 20 அன்று பிஎஸ்டி உரிமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. எட்டே நாளில் ரெடிஸிலிருந்து பிரிந்த வால்கீ லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கூரையின் கீழ் வந்துவிட்டது. அமேசான், கூகுள், ஆரக்கிள் எல்லாம் பின்னால் நின்றன. அதற்கு முந்தைய ஆண்டு டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. 2021-இல் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்த இளம் பொறியாளர்கள் பலருக்கு, ஃபோர்க் என்றால் உரிமத்தில் கைவைக்கும் நிறுவனத்துக்குச் சமூகம் போடும் சூடு என்ற எண்ணம் ஏற்பட்டிருக்கிறது. சூடு உறைக்கவும் செய்தது: எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டு திறமூலத்துக்குத் திரும்பின.

இந்த மூன்றையும் வைத்து ஃபோர்க்கை எடைபோட்டால் கணக்கு தப்பும். இவற்றுக்குச் சம்பளம் வாங்கும் பராமரிப்பாளர்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் செய்யும் ஃபோர்க்குக்கு அப்படி யாரும் கிடையாது. ஒரு ஃபோர்க் பிழைக்குமா என்று கேட்பவர்களிடம், கிட்ஹப் நட்சத்திரங்களையும் ஆதரவாளர்களின் லோகோ வரிசையையும் ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன்: பிரிந்த பிறகு பேட்ச் எங்கிருந்து எங்கே போகிறது?

எஃப்எஃப்எம்பெக் கதையைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். மைக்கேல் நீடர்மேயர் திட்டத்தை நடத்திய விதம் பிடிக்காத டெவலப்பர்கள், 2011 ஜனவரியில் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டதாக அறிவித்தார்கள். ஆனால் பெயருக்கான வணிகச்சின்னம், திட்டத்தைத் தொடங்கிய ஃபாப்ரிஸ் பெல்லாரிடம் இருந்தது. அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மார்ச்சில் லிபாவ் என்ற பெயரில் தனியே போனார்கள். டெபியனில் அந்தத் தொகுப்பைப் பராமரித்தவர் லிபாவ் பக்கம் இருந்ததால் டெபியனும், அதைத் தொடர்ந்து உபுண்டுவும் லிபாவுக்கு மாறின. அந்நாட்களில் உபுண்டுவில் எஃப்எஃப்எம்பெக் கட்டளையை ஓட்டினால், இந்த நிரல் இனி வளர்க்கப்படுவதில்லை, ஏவிகான்வ் நிரலைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு வரி வரும். லிபாவ் தன்னிடம் இருந்த பழைய கட்டளையைப் பற்றித்தான் அப்படிச் சொன்னது. படித்தவர்களோ எஃப்எஃப்எம்பெக் திட்டமே மூடப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வரியை எழுதியவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரியாமலா இருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம்.

பெரிய விநியோகங்கள் கைவிட்டுப் போன நிலையில் நீடர்மேயர் செய்தது சலிப்பூட்டும் ஒரு வேலை. லிபாவில் சேர்ந்த மாற்றங்களை ஏறத்தாழ அன்றாடம் தன் பக்கம் மெர்ஜ் செய்துகொண்டே இருந்தார். எதிர்த்திசையில் வரத்து மிகக் குறைவு. சில ஆண்டுகளில் எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டு கூட்டத்தின் உழைப்பும் இருந்தது. லிபாவில் ஒரு கூட்டத்தின் உழைப்பு மட்டும். 2014 ஜனவரியில் கூகுள் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் தங்கள் ஃபஸ்ஸிங் சோதனையால் எஃப்எஃப்எம்பெக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்ததாக எழுதினார்கள். லிபாவ் அந்தப் பட்டியலில் பின்தங்கியிருந்தது. 2015-இல் டெபியன் மீண்டும் எஃப்எஃப்எம்பெக்குக்கே மாறியது. லிபாவ் மெல்ல ஓய்ந்துபோனது.

லிபாவ்காரர்கள் சோம்பேறிகள் இல்லை. எந்த பேட்சும் மறுஆய்வு இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்ற அவர்களுடைய கண்டிப்பு நியாயமானது. அவர்களைச் சாய்த்தது, மறுபக்கம் இருந்து வருவதைத் தொடக்கூடாது என்ற வீம்பு. அதற்கான விலையை அவர்கள் மட்டும் கொடுக்கவும் இல்லை. இரண்டு திட்டங்களும் லிப்ஏவிகோடெக் என்ற ஒரே நூலகப் பெயரை வைத்துக்கொண்டு ஏபிஐயில் விலகிப் போயின. அதனால் வீடியோ பிளேயர் எழுதியவர்கள் ஆண்டுக்கணக்கில் இரண்டுக்கும் தனித்தனி நிபந்தனை வரிகளை எழுதித் தள்ளவேண்டியிருந்தது.

லிபாவுக்கு வாசலை அடைத்தது மனசு. உரிமமே அடைத்துவிடும் இடங்களும் உண்டு. ஓப்பன்ஆபீஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய 2010-இல், ஓப்பன்ஆபீஸிலிருந்து லிப்ரேஆபீஸ் பிரிந்தது. அடுத்த ஆண்டு ஆரக்கிள் மூலத்தை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அப்பாச்சி உரிமத்தில் இருப்பதை லிப்ரேஆபீஸ் எடுக்கலாம்; எல்ஜிபிஎல், எம்பிஎல் உரிமங்களில் லிப்ரேஆபீஸ் எழுதுவதை அப்பாச்சி தன் விதிப்படி எடுக்க முடியாது. குழாய் ஒருவழி என்று ஆன பிறகு முடிவு நேர விஷயம்தான். அப்பாச்சி ஓப்பன்ஆபீஸ் 4.1 வந்தது 2014-இல். அதற்குப் பின் வந்தவை எல்லாம் அதன் சிறு திருத்த வெளியீடுகள். ஆனாலும் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. அலுவலக மென்பொருள் தேடுகிறவர் பழைய பெயரைத் தட்டிப் பழைய மென்பொருளை இறக்கிக்கொள்கிறார். 2020-இல் லிப்ரேஆபீஸை நடத்தும் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன், பயனர்களுக்கு லிப்ரேஆபீஸ் இருப்பதையாவது சொல்லுங்கள் என்று அப்பாச்சிக்குப் பகிரங்கக் கடிதமே எழுதியது. கோடை எடுத்துச் செல்ல ஒரு கட்டளை போதும். பெயரை எடுத்துச் செல்ல வழியில்லை.

உரிமங்கள் விலகினால் சொந்தமாக எழுதியதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். 2024 ஏப்ரலில், டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனத்தின் வக்கீல்கள், தங்கள் புதிய உரிமத்தில் இருக்கும் கோடை ஓப்பன்டோஃபு நகலெடுத்ததாகக் கடிதம் அனுப்பினார்கள். அது பழைய எம்பிஎல் உரிமக் கோடிலிருந்தே வந்தது என்று ஓப்பன்டோஃபு வரிக்கு வரி காட்டி மறுக்கவேண்டியிருந்தது. யார் எதை எப்போது எங்கிருந்து எடுத்தார் என்ற கமிட் வரலாற்றை ஒழுங்காக வைத்திராத குழு இந்த இடத்தில் திணறியிருக்கும்.

பிரிந்தும் நல்லபடி முடிந்ததற்கு ஜிசிசி உதாரணம். அந்தக் கம்பைலரின் வளர்ச்சி சிலர் கையில் மூடிக் கிடந்ததால் 1997-இல் ஈஜிசிஎஸ் பிரிந்தது. பிரிந்தவர்கள், தங்கள் பங்களிப்புகளின் பதிப்புரிமையை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்கே எழுதிக் கொடுக்கும் பழைய வழக்கத்தை விடவில்லை. பாகப்பிரிவினையில் நிலத்தைப் பங்கு போட்டாலும் கிணற்றைப் பொதுவில் விடுவதைப் போல. 1999-இல் ஃபவுண்டேஷன் ஈஜிசிஎஸ்ஸையே அதிகாரபூர்வ ஜிசிசியாக ஏற்றபோது தடையாக ஒரு வரியும் நிற்கவில்லை. பிரியும் உரிமை என்பதன் முழுப் பயனும் இதில் இருக்கிறது: மூடிய கதவுக்கு வெளியே வேறொரு முறையை நடத்திக் காட்டி, உள்ளே இருப்பவர்களை ஒப்புக்கொள்ளவைப்பது. நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து பிரிந்த ஐஓ.ஜேஎஸ் 2015-இல் திரும்பிச் சேர்ந்ததும் இதே வகை.

இந்தக் கண்ணோடு வால்கீயைப் பார்த்தால் நிலவரம் கொஞ்சம் சங்கடமானது. வால்கீ பிஎஸ்டியிலேயே இருக்கிறது. அதில் எழுதுவதை ரெடிஸ் எடுத்துக்கொள்ளலாம். ரெடிஸின் ஏஜிபிஎல் கோடை வால்கீ எடுக்க முடியாது. குழாயின் சாய்வு ரெடிஸ் பக்கம். அதை ஈடுகட்ட வால்கீயிடம் இருப்பது ஆள்பலம். அந்த ஆள்பலத்துக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்களின் அக்கறை எத்தனை ஆண்டு நீடிக்கிறது என்பதே இதில் பார்க்கவேண்டியது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஊரறிந்த ஃபோர்க்குகள். நம் வாசகர்களுக்கு உண்மையான ஆபத்து, பெயரே இல்லாத ஃபோர்க்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன். டெலிவரி நெருக்கடியில் ஒரு நூலகத்தை நிறுவனத்தின் ரெப்போவுக்கு இழுத்து, நாலு வரி மாற்றி, பில்டை ஓட்டிவிடுகிறோம். மாற்றியவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். இங்கே பேட்ச் எந்தத் திசையிலும் போவதில்லை. மூலத்தில் ஓட்டை அடைபட்டால் நமக்கு வராது. நாம் அடைத்தது மூலத்துக்குப் போகாது. பாதுகாப்பு ஸ்கேனரோ பெயரையும் பதிப்பெண்ணையும் நம்பி ஓடுகிறது. உள்ளே மாறிப்போனது அதற்குத் தெரியாது.

நாலு வரி என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் விவகாரத்தை நினைவூட்டலாம். 2006-இல் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவியின் எச்சரிக்கையை அடக்க ஓரிரு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. பராமரிப்பாளர் அதுபற்றி ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்பர்களிடம் கேட்டார். ஆனால் இறுதி பேட்ச் மூலத்துக்கு முறையாக அனுப்பப்பட்டு ஆய்வு செய்யப்படவில்லை. விளைவு: தற்செயல் எண் உருவாக்கத்துக்கு மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும். ஒரு வகைக் கணினியில் ஒரு குறிப்பிட்ட நீளச் சாவிக்கு 32,768 வாய்ப்புகளே இருந்தன. 2008 மே மாதம் வரை இது வெளிப்படவில்லை. கவனமும் அனுபவமும் உள்ள திட்டத்திலேயே இது நடந்தது.

ஆள்பலம் இருந்தாலும் சுமை குறையாது. ஆண்ட்ராய்டுக்காக லினக்ஸ் கர்னலில் கூகுள் தனியே சுமந்த மாற்றங்களை 2010-இல் கர்னலின் ஸ்டேஜிங் பகுதியிலிருந்து எடுத்தேவிட்டார்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று. 2012-இல் 3.3 பதிப்பில் அவை திரும்ப வரத் தொடங்கின. பின்னாளில் கூகுளே மாற்றங்களை முதலில் மூலக் கர்னலுக்கு அனுப்புவது என்ற கொள்கைக்கு வந்தது.

ஃபோர்க்கே கூடாது என்று சொல்லவரவில்லை. வாடிக்கையாளர் நாளை காலை கேட்கும்போது, மூலத்தின் பராமரிப்பாளர் பதில் போடும்வரை காத்திருக்க முடியாது. மாற்றத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். இதற்கு, சூடுபட்ட டெபியனிடமே நல்ல வழக்கம் இருக்கிறது. மூலக் கோடு தொடப்படாமல் இருக்கும். விலகல் ஒவ்வொன்றும் பேட்சஸ் அடைவில் தனிக் கோப்பாக இருக்கும். கோப்பின் தலைப்பில் மாற்றத்தின் காரணம், எங்கிருந்து வந்தது, மூலத்துக்கு அனுப்பப்பட்டதா இல்லையா என்று எழுத இடமுண்டு. புதிய பதிப்பு வரும்போது எந்த பேட்ச் ஒட்டவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். உங்கள் ரெப்போவில் உள்ள ஃபோர்க்குகளுக்கு இந்தத் தலைப்புகளை எழுத முயன்றுபாருங்கள். காரணம் என்ற வரியை நிரப்ப ஆள் கிடைக்காத பேட்ச்தான் முதலில் மூலத்துக்குப் போகவேண்டும், அல்லது குப்பைக்கு.